தொண்ணூற்றெட்டும் ஐந்தும்

எட்டயபுரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். இடது கால் செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. வலது கால் செருப்பில் கரிசல் மண் அப்பி, செருப்பை விட மண்தான் கூடுதல் கனம். அந்த வருடத்துப் பருவமழையின் முதல் மழை காலையில்தான் பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டை விட்டு இறங்கினால் மண் காலைப் பிடித்துக்கொண்டது. ரோட்டிலேயே நடந்தால் லாரிக்காரர்கள் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனார்கள். நெற்றியில் வைத்திருந்த சந்தனமும் குங்குமமும் வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கின. சட்டைப் பையில் ஒரு கைப்பிடி பொரிகடலை இருந்தது. அதைத் தின்ன மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன் என்று சொன்னால் பொய். நாலைந்து தடவை பார்த்தேன். யாரும் வரவில்லை.

என் வயதுக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். நாம் எல்லோருமே ஏதாவது ஒரு நாள் வீட்டை விட்டு ஓடியவர்கள்தான். உங்களில் பாதிப் பேர் பசித்ததும் திரும்பியிருப்பீர்கள். எனக்குத் திரும்ப ஆறு வருடம் ஆனது. அடிக்குப் பயந்து ஓடியதாக ஊரில் சொன்னார்களாம். என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

அய்யா கோவில்பட்டியில், பருத்தியில் கொட்டை நீக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரியில் எடைக் கணக்கு எழுதினார். பங்குனி, சித்திரை மாதங்களில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பருத்தித் தாட்டுகள், பெரிய பெரிய பொதிகள், வண்டி வண்டியாக வரும். தராசில் ஏற்றி இறக்கியதும் ஆளுக்கொரு சீட்டு கிழித்துக் கொடுப்பார்கள். அதன் நகல் அய்யாவின் மேஜைக்கு வரும். சாயங்காலம் அத்தனை சீட்டையும் கூட்டி அன்றைய எடையைப் பேரேட்டில் எழுதுவது அவர் வேலை. கூட்டுவதற்கு ஒரு கணக்கு மிஷின் வைத்திருந்தார்கள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்பு இரும்புப் பெட்டி, ஒரு பெரிய பலாக்கொட்டையைக் குறுக்கே வெட்டிக் கவிழ்த்த மாதிரி முதுகு. முதுகில் வரிசையாகப் பிளவுகள், ஒவ்வொரு பிளவிலும் ஒரு சின்ன நெம்புகோல். அதை ஒன்பதுக்கோ எட்டுக்கோ இழுத்து வைத்து, வலது பக்கத்துக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கடகடவென்று ஒரு சத்தம். கீழே சின்னச் சின்ன ஜன்னல்களில் கூட்டுத்தொகை வந்து நிற்கும். சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் கடைசிச் சுற்றைச் சுற்ற அய்யா என்னை விடுவார். அந்த ஜன்னல்களில் எண்கள் உருளுவதைப் பார்ப்பதற்காகவே ஒரு மைல் நடந்து தூக்குச்சட்டி சுமந்திருக்கிறேன்.

பேக்டரிக்குள் எந்த நேரமும் பஞ்சு பறந்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் புருவம் நரைத்திருக்கும். மூக்கைச் சிந்தினால் பஞ்சு வரும். அது மனுசன் மூக்குக்குள் போன மாதிரி மிஷினுக்குள்ளும் போயிருக்கிறது. போய், எண்ணெயோடு சேர்ந்து பிசினாகி, நூறாம் இடத்துச் சக்கரத்தைத் தள்ள வேண்டிய பல்லின் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. ஐம்பதும் ஐம்பதும் கூட்டினால் மிஷின் சரியாக நூறு காட்டும். தொண்ணூற்றெட்டோடு ஐந்தைக் கூட்டினால் கோளாறு. எட்டும் ஐந்தும் சேர்ந்து பத்தாம் இடத்தைத் தள்ளும், அந்தத் தள்ளலில் ஒன்பது உருண்டு பூஜ்யமாகும், அந்தப் பூஜ்யம் நூறாம் இடத்தைத் தள்ள வேண்டும். இப்படி ஒன்றையொன்று தள்ளுகிற நேரத்தில் மட்டும் அந்தப் பல்லுக்கு வேகம் போதாது. பிசினில் மாட்டி நின்றுவிடும். நூற்று மூன்று வர வேண்டிய இடத்தில் வெறும் மூன்று நிற்கும். நாளுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை இப்படி நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நூறு கிலோ பருத்தி காணாமல் போனது, காகிதத்தில்.

சித்திரைக் கடைசியில் சின்ன முதலாளி அந்த ஒரு வாரத்துச் சீட்டுகளை ஆள் வைத்துக் கையால் கூட்டிப் பார்த்தார். பேரேட்டில் அறுநூறு கிலோ குறைந்தது. அய்யா குறைத்து எழுதிவிட்டு மிச்சப் பருத்தியை வெளியே விற்றுவிட்டார் என்று சந்தேகப்பட்டார்.

"எங்கவே போச்சு பருத்தி?"

"மிஷினுதான் மொதலாளி ஏதோ தப்புப் பண்ணியிருக்கு. பாருங்க, வித்தியாசம் நூறு நூறாத்தான் வருது. களவாங்குதவன் நூறு நூறாவா எடுப்பான்?"

"நீரு கணக்குத் தெரிஞ்ச ஆளுல்லா. நூறு நூறாத்தான் எடுப்பீரு."

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சின்ன முதலாளி மிஷினில் இருபதும் முப்பதும் போட்டுச் சுற்றினார். ஐம்பது வந்தது. நாலும் நாலும் போட்டார். எட்டு வந்தது. அவ்வளவுதான் விசாரணை. இரும்பு பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்வான் என்பது அவர் முடிவு. வேலை போய் அய்யா வாசலைத் தாண்டும்போது காவல்காரர் அவர் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். அறுநூறு கிலோ பருத்தியை அதற்குள் தேடினார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் 'பருத்திக் கள்ளன் மவன்' ஆகியிருந்தேன். ஒருத்தன் என் டவுசர் பையில் கையை விட்டு, "பஞ்சு இருக்கா பாப்பம்லே" என்பான். இன்னொருத்தன் காதில் பஞ்சைத் திணிப்பான். வாத்தியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆடி மாதத்தோடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா தீப்பெட்டி ஒட்டப் போனாள். அய்யா பேட்டையில் மூட்டை தூக்கினார். பத்து விரலிலும் மை இருந்த மனுசன்.

சின்ன முதலாளி பேட்டரியில் ஓடும் கால்குலேட்டர் வாங்கிவிட்டு, பழைய மிஷினை இரும்புக் கடையில் போட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அய்யா அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். பழைய இரும்புக் கடை பாய் அதை முற்றத்தில் ஓட்டை வாளிகளுக்கு நடுவே போட்டிருந்தார். கோடை மழையில் நனைந்து கைப்பிடி துருவேறி வளைந்திருந்தது. சுற்றவில்லை.

"என்ன வேணும் அண்ணாச்சி இதுக்கு?" என்று அய்யா கேட்டார். பாய் அவரை விட வயதில் மூத்தவர்.

"இதையா? வீட்டுல பிள்ளைகளுக்கு வெளையாடவா?"

"சைக்கிளை வச்சிக்கிடுங்க."

பாய் சைக்கிளைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார். "இரும்புக்கு இரும்பு சரிதான் அண்ணாச்சி. ஆனா சைக்கிள் ஓடுதே, இது ஓடாதே?"

"ஓட வச்சிருவேன் பாய்."

"வேண்டாம். சும்மா கொண்டுபோங்க. ஓடுனா வந்து சொல்லுங்க."

அய்யா கேட்கவில்லை. சைக்கிளைக் கடைச் சுவரில் சாத்திவிட்டு மிஷினைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டார். சும்மா வாங்கினால் அதையும் களவு என்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது சைக்கிள் போனதே என்று வழியெல்லாம் அழுதேன்.

அம்மாவின் தம்பி புதியம்புத்தூரில் தையல் மிஷின் மெக்கானிக். அங்கே தெருவுக்குத் தெரு ரெடிமேட் தைப்பதால் அவருக்கு ஓயாத வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறி வருவார். ஆவணி முழுக்க நாலு ஞாயிறு வந்தார். கைப்பிடியைக் கழற்றி நெருப்பில் காட்டி நிமிர்த்தினார். அச்சில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தார். ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. தையல் மிஷின் ஸ்பிரிங்கை வெட்டி மாட்டினார். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக, அதுவும் ஓரத்தில் மட்டும், ஊசி முனையில் தொட்டு வைத்தார். நடுவில் ஒரு இடத்தில் அய்யா சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். அங்கே கை போகவே இல்லை.

ஏன் என்று நான் கேட்டால், "போயி டீ வாங்கிட்டு வாலே" என்பார் அய்யா. நான் தூக்கை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்த் திரும்பும்போது பேச்சு முடிந்திருக்கும்.

என்ன பேசினார்கள் என்பதை மாமா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. "ஒங்கய்யா என்ன சொன்னாவ தெரியுமாலே? மிஷின் சுத்தணும், ஆனா சீக்கு போயிரக் கூடாது மாப்ளே, அப்டின்னாவ. நான் சொன்னேன், அத்தான், ரிப்பேர் பாக்கச் சொல்லுதவங்களப் பாத்திருக்கேன், ரிப்பேரப் பாதுகாக்கச் சொல்லுத மொத ஆளு நீங்கதான்னேன். சிரிச்சாவ. அந்த வருசத்துல அவிய சிரிச்சு நான் பாத்தது அன்னைக்கு மட்டுந்தான்."

ஏன் எங்களிடம் சொல்லவில்லை? அம்மா குழாயடியில் சொல்லிவிடுவாள், பிள்ளைகள் தெருவில் சொல்லிவிடும், விஷயம் பேக்டரிக்குப் போய்விடும் என்று பயம். ஒரு குடும்பத்தையே காப்பாற்றப் போகிற ரகசியத்தை அந்தக் குடும்பத்திடமிருந்தே மறைத்து வைத்தார். பெரியவர்கள் இப்படித்தான். நாமும் பெரியவர்களான பிறகு இதைத்தானே செய்தோம்?

நாலாவது ஞாயிற்றுக்கிழமை டீயோடு நான் உள்ளே நுழைந்தபோது மிஷின் சுற்றியது. தொண்ணூற்றெட்டு வைத்து ஒரு சுற்று. ஐந்து வைத்து ஒரு சுற்று. ஜன்னலில் மூன்று. அய்யா மாமாவின் தோளில் ஓங்கி அடித்தார். மறுபடியும் சுற்றினார்கள், மறுபடியும் மூன்று. எனக்குக் கூட்டல் தெரியும். தப்பு விடைக்கு ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறார்கள் என்று யோசித்தேன். நோய் எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள், இனி வைத்தியம்தான் பாக்கி என்று முடிவு செய்துகொண்டேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். "இந்த மிஷினு மட்டும் சரியாயிருச்சுன்னா ஒங்கய்யாவுக்குப் பழைய வேலை கெடச்சிரும்லே" என்று அடுப்படியில் சொன்னாள்.

அய்யா பெரிய முதலாளியைப் போய்ப் பார்த்தார். சின்னவருக்கு அண்ணன், நியாயஸ்தர் என்று பெயர். "விசயதசமி அன்னைக்குக் கொண்டா. எல்லாரும் இருப்பாங்க. எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டு. நீ சொல்லுதது நெசம்னா எல்லார் முன்னாலயும் நானே மன்னிப்புக் கேக்கேன்" என்றாராம்.

ஆயுத பூசை அன்று விடியற்காலையிலேயே அய்யா இடைசெவலுக்குப் போய்விட்டார். அங்கே பேக்டரிக்குப் பருத்தி போடுகிற ஒரு சம்சாரி, விவசாயி, தன் எடைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் இருக்கிற ஒரு கருவிக்கும் அழுக்கோடு பூசை கிடையாது. அரிவாள்மணை, உரல், கத்தரிக்கோல், அக்காவின் பசைத் தட்டு வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். அம்மா என்னிடம், "ஏலே, அந்த மிஷினத் தொடச்சு வை. அய்யா வாரதுக்குள்ள பளபளன்னு இருக்கணும்" என்றாள்.

மேலே துடைக்க ஐந்து நிமிஷம் ஆனது. பிறகு உள்ளே பார்த்தேன். சாக்பீஸ் வட்டம் தெரிந்தது. அவர்களுக்கு எட்டாத இடம் போலும், குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் விரல் சின்னது. மாமா விட்டுப் போன எண்ணெய்க் குப்பி இருந்தது. சீமெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு உள்ளே விட்டேன். கறுப்பாக ஊறி வந்தது. சாக்கு ஊசியால் கிண்டினேன். காதுக் குறும்பி மாதிரி ஒரு உருண்டை, பஞ்சும் எண்ணெயும் இறுகியது, கடலைப் பருப்பில் பாதி இருக்கும், பொட்டென்று விழுந்தது. அதை எடுத்து அடுப்பில் போட்டேன். சர்ரென்று எரிந்தது. அந்த வாடை இன்னும் எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றெட்டு வைத்தேன். ஐந்து வைத்தேன். நூற்று மூன்று.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அய்யா கிட்ட இப்பம் சொல்லாத. நாளைக்கு அங்கன வச்சுத் தெரியட்டும்" என்று சத்தியம் வாங்கினேன்.

அய்யா மத்தியானம் திரும்பினார். அதற்குள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, மஞ்சள் துணி போர்த்தி, சூடம் காட்டி முடித்திருந்தோம். பூசையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. அய்யா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"மேலதான தொடச்சிய?"

"பின்ன உள்ள போயா தொடைப்பாக?" என்று அம்மா சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில்.

மறுநாள் காலை மழை விட்டதும் புறப்பட்டோம். பேக்டரி முற்றத்தில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எடை போடுகிறவர்கள், ஜின் ஓட்டுகிறவர்கள், பெண்ணாட்கள், காவல்காரர், எல்லோரும் நின்றார்கள். இரண்டு முதலாளிகளும் நாற்காலியில். இடைசெவல் சம்சாரி சீட்டுக்கட்டைக் கையில் பிடித்திருந்தார். அய்யா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மிஷினை மேஜையில் வைத்து, துணியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"தொண்ணூத்தெட்டோட அஞ்சு. சரியா வந்தா நூத்தி மூணு வரணும். இது வெறும் மூணுன்னு காட்டும். அந்த நூறுதான் காணாமப் போன பருத்தி. பாத்துக்கிடுங்க."

சுற்றினார். சுற்றினார். கடகடவென்று சத்தம். நூற்று மூன்று.

நான் கை தட்டினேன்.

அய்யா என்னைப் பார்க்கவில்லை. மறுபடி போட்டார். நூற்று மூன்று. அறுபத்தெட்டும் முப்பத்தேழும் போட்டார். நூற்றைந்து. கைப்பிடி இவ்வளவு லேசாகச் சுற்றுவதை அப்போதுதான் அவர் கை கவனித்திருக்க வேண்டும். நின்றுவிட்டார்.

"கணக்கு சரியாத்தானவே வருது" என்றார் சின்ன முதலாளி. "நல்ல மிஷினு. இரும்புக்காரனுக்குக் குடுத்தது எந்தப்புதான்."

"நாந்தான் மொதலாளி சரியாக்குனேன்" என்றேன் நான். "உள்ள பஞ்சு அடச்சிருந்துச்சு. ஊசிய வச்சு எடுத்தேன். மொதல்ல மூணுதான் காட்டுச்சு, நானே பாத்தேன்."

அய்யா சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் ஒரு நிமிஷம் உயிர் இருந்தது. "எங்கலே அந்தப் பஞ்சு?"

"அடுப்புல போட்டுட்டேன்."

சின்ன முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லாப் பழக்கிக் கூட்டியாந்திருக்கீரு. சின்னப்பய என்னமா ஒப்பிக்கான்!"

இடைசெவல்காரர் சீட்டுக்கட்டை மடியில் செருகிக்கொண்டு கூட்டத்தில் பின்னால் போனார். பெரிய முதலாளி எழுந்தார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "எடுத்தது கூடப் போவுதுப்பா. பெத்த பிள்ளையப் பொய் சொல்ல வச்சிட்டியே. அது பாவம்." தட்டிலிருந்து ஒரு கை பொரிகடலை அள்ளி என் பையில் போட்டார். என் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்.

அய்யா மிஷினைச் சாக்கில் கட்டித் தூக்கினார். நான் பத்தடி பின்னால் நடந்தேன். அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஏதோ கெட்டுவிட்டது, கெடுத்தது நான், அவ்வளவுதான் தெரிந்தது. எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் அவர் நின்று, திரும்பாமலேயே சொன்னார்:

"நல்லாத்தாம்லே செஞ்சிருக்க. ஒரு பொட்டு அழுக்கு இல்ல."

பிறகு தெருவுக்குள் போனார். நான் போகவில்லை.

ஆறு வருடம் கழித்துத் திரும்பியபோது அவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன். "சாப்பிட்டியாலே?" என்று கேட்டார். சாகும்வரை அந்த விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மிஷின் எங்கே என்று அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நாள் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள், அப்புறம் தெருவில் வந்தவனிடம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று என்றாள். "நல்ல பழம்லே. அய்யா மட்டும் திங்கல."

போன வருடம் நான் வேலை பார்த்த லாட்ஜில், வரவேற்பறையில் அதே மாதிரி ஒன்றைக் கண்ணாடிக்குள் அழகுக்கு வைத்திருந்தார்கள். துடைப்பதற்காகத் திறந்தபோது தொண்ணூற்றெட்டும் ஐந்தும் போட்டுச் சுற்றினேன். முதலாளி மகன் பார்த்துக்கொண்டிருந்தான். "வேல செய்யுதா தாத்தா?" என்றான். "நல்லாத்தான் செய்யுது" என்றேன்.

வீட்டை விட்டு நடந்த அன்றைக்கு எட்டயபுரம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு ரோடு விளாத்திகுளம் போகிறது, ஒரு ரோடு தூத்துக்குடிப் பக்கம், புதியம்புத்தூர் வழி. மாமாவிடம் போகலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன். ரோடு பிரிகிற இடத்தில் நின்றபோது, அவருக்கும் இது தெரிந்துவிடும் என்பது உறைத்தது. அங்கேயே ஒரு லாரி ஷெட்டில், ஓடாத லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். பொரிகடலையை அப்போது தின்றேன்.

காலையில் ஷெட்டுக்காரர் காலால் தட்டி எழுப்பினார். ஊர் எது, யார் பிள்ளை என்று கேட்டார். நான் எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"வேலை ஏதாச்சும் தெரியுமாலே?"

"தொடைக்கத் தெரியும்."

ஒரு தகரத் தட்டில் சீமெண்ணெயை ஊற்றி, கியர் சக்கரம் ஒன்றை அதில் போட்டு, ஒரு பழைய பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். பல்லுக்குப் பல் கறுப்பு மசி அடைந்திருந்தது. பிரஷ்ஷை வைக்கப் போனவன் நிறுத்தினேன்.

"எல்லாத்தையும் எடுத்திரவா அண்ணாச்சி?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பின்ன? அழுக்கை எவனாச்சும் பத்திரமா வச்சிக்கிடுவானாலே?"

நான் தேய்க்க ஆரம்பித்தேன்.